மோட்டர் சுற்றியும் தண்ணீர் வராதபோது

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளின் நிலத்தொட்டியானாலும் கிராமத்துக் கிணறானாலும், நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றே: மோட்டர் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை.

பம்பி நீரை இழுப்பதில்லை. சுழல்தட்டு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்க, வெளியே உள்ள வளியமுக்கமே நீரை மேலே தள்ளுகிறது. உள்ளே காற்று நின்றால் தட்டு வீணே சுற்றும். சீல் சூடேறிக் கெடும்.

ஆகவே மின்னை நிறுத்தி, மேல்மூடியைத் திறந்து, குமிழிகள் அடங்கும்வரை நீர் நிரப்புவோம். நிரப்பிய நீர் இறங்கிக்கொண்டே போனால், குழாயின் அடியிலுள்ள வால்வு பழுது. நீர் நின்றும் பம்பி இறைக்காவிட்டால், குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவையும் தட்டில் அடைப்பையும் பார்ப்போம்.

நீர்மட்டம் பம்பியிலிருந்து ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே போனால், எவ்வளவு நிரப்பியும் பயனில்லை. நீர்மூழ்கிப் பம்பியே வேண்டும். அதற்காக மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, கூட இறங்கியவரைக் கொல்லும்.