மாண்டிசோரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

மாண்டிசோரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எட்டாத கட்டணமும் வழவழப்பான மரச்சாமான்களும்தான். ஆனால் 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் பள்ளி கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கானது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பின்னர் வந்த செயல்வழிக் கற்றலிலும் இம்முறையின் சாயல் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று பிறந்ததை இப்போது அவர்களுக்குச் சலுகையாகக் கொடுப்பதுபோல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாண்டிசோரி வகுப்பில் குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கும். ‘வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பும் மனப்பாடமும்தான் சரிப்படும், சுதந்திரம் கொடுத்தால் கெட்டுவிடுவார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர அரசு மாண்டிசோரிப் பள்ளிகளில் உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டு குழுவினர் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. அங்கே சேர்க்கை குலுக்கல் முறையில் நடந்தது; அதனால் அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் என்பதால்தான் முன்னேறினார்கள் என்று தள்ளிவிட முடியாது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களிடையே ஏழை, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கற்றல் இடைவெளி மூன்றே ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்க முடிவு நமக்கு அப்படியே பொருந்தாது என்பது நியாயம்தான். ஆனால் ஏழைக் குழந்தைக்குச் சுதந்திரம் ஒத்துவராது என்ற தீர்ப்பு அதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடம் வாசல்வரைதான் கொண்டு விடும். உள்ளே, ஒரு குழந்தை தண்ணீரைச் சிந்தினால் துணியை எடுத்துக் கொடுக்கிறோம், இன்னொரு குழந்தை சிந்தினால் அதட்டுகிறோம். சமத்துவம் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு வாரம், யாரை எப்போது வேலையின் நடுவே நிறுத்தினோம் என்று நோட்டில் குறித்துப் பார்க்கும்படி ஆசிரியர்களுக்குச் சொல்வேன். பெரும்பாலும் அதே சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் பேசும் தமிழுக்கும் வகுப்பறை அலமாரியில் இடம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாங்கிய உப்புத்தாளில் ‘ட’வையும் ‘ப’வையும் வெட்டி அட்டையில் ஒட்டினால், விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லிப் பழகலாம். இதற்கு இறக்குமதிச் சாமான் எதற்கு?

வீட்டிலும் இதே சமத்துவக் கேள்விதான். பருப்பு பொறுக்குவது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது எல்லாமே மாண்டிசோரிப் பயிற்சிகள்தாம். ‘ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் ஏற்கெனவே வேலை செய்து களைத்திருக்கிறார்கள், பள்ளியிலும் அதுவா?’ என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, பாதியில் விடவும் அவளால் முடியாது. பயிற்சி என்பது குழந்தை தானே எடுத்து, போதுமென்று தோன்றும்வரை செய்து, எடுத்த இடத்திலேயே வைப்பது. ஆகவே வீட்டில் துடைப்பத்தை முதலில் மகன் கையில் கொடுங்கள். மகள் உப்புத்தாள் எழுத்தோடு உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் அவளை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள்.