பீளை கட்டிய கண்கள்

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு. அதன் ஐந்தடி நடைபாதையில், காய்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய அண்ணனும் தங்கையும் அதைக் கண்டனர். பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கலாம். இரு கண்களிலும் மஞ்சள் நிறப் பீளை வழிந்தது. இடக்கண்ணின் இமைகள் ஒட்டிப்போய்த் திறக்கவே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தும் தாய் நாயைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. குட்டியைப் பழைய துண்டு ஒன்றில் பொதிந்து வீட்டிற்குக் கொண்டு வந்தனர்.

அண்ணன் உடனே மருந்துப் பெட்டியைத் திறந்தான். பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மீந்திருந்தது. “இதுவும் கண்ணுக்குப் போடும் மருந்துதானே? இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும்,” என்றான்.

பாட்டி அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். “எனக்கே டாக்டர் நாள் கணக்குச் சொல்லித்தான் போடச் சொன்னார், ஐயா. வலி எங்கே என்று சொல்லத் தெரியாத ஜீவன் இது. நாமாக மருந்து போடலாமா?”

பாட்டியின் சொற்படி, தங்கை முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைகளின் மேல் சிறிது நேரம் வைத்திருந்தாள். காய்ந்த பீளை ஊறி இளகியது. பிறகு மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடைத்தாள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தவில்லை. ஒரு கண்ணில் உள்ள கிருமி மற்றக் கண்ணுக்குப் பரவக்கூடும் அல்லவா? இமைகள் பிரிந்தன. ஆனால், குட்டி இடக்கண்ணை மீண்டும் இறுக மூடிக்கொண்டு, முன்னங்காலால் தேய்க்க முயன்றது. காலம் தாழ்த்தாமல் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றனர்.

மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சிறு தாள் ஒன்றை நனைத்துக் குட்டியின் கண்ணில் மெல்லத் தொட்டார். பின்னர் நீல ஒளி விளக்கைக் காட்டினார். இடக்கண்ணின் கருவிழியின் மேல் ஒரு கீறல் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. நலமான கருவிழியில் இந்தச் சாயம் ஒட்டாது. மேற்பரப்பில் காயம் இருந்தால் மட்டுமே அங்கே தங்கும்.

அண்ணன் தயக்கத்துடன் பாட்டியின் மருந்தைப் பற்றிக் கேட்டான். கண்புரை அறுவைக்குப் பின் தரப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அது வீக்கத்தைக் குறைக்கும். அதே வேளையில் காயம் ஆறுவதையும் தடுக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அதைப் போட்டால் புண் ஆழமாகித் துளை விழலாம், கண்ணே பறிபோகலாம். அண்ணன் பேச்சற்று நின்றான்.

நாய்க்குட்டியின் கண்ணில் நீர் வடிவதற்குப் பல காரணங்கள் உள்ளன. தூசி, கொசுவர்த்திச் சுருளின் புகை, புகைமூட்டம் ஆகியவை கண்ணை உறுத்தினால் தெளிந்த நீர் வடியும். மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான பீளை வந்தால் கிருமித் தொற்று இருக்கலாம். சில குட்டிகளுக்கு இமையின் விளிம்பு உட்புறமாக மடங்கி, முடி கருவிழியை உரசும். வேறு சிலவற்றிற்குக் கண்ணீர் போதிய அளவு சுரக்காது. வறண்ட கண்ணில் பசை போன்ற பீளை படியும். கண்ணை மூடியே வைத்திருத்தல், கருவிழி வெளுத்துப்போதல், கண் வீங்குதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

பீளையோடு மூக்கொழுகல், காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. அது ‘டிஸ்டெம்பர்’ என்னும் கொடிய நச்சுயிரி நோயாக இருக்கலாம். நச்சுயிரியே இதற்குக் காரணம் என்பதை 1905-இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் ஆன்றி காரே எடுத்துக்காட்டினார். இந்நோய் நாய்களோடு நிற்பதில்லை. 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் பரவியபோது, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தன. இந்த நச்சுயிரியை அழிக்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசியைத் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் மீண்டும் போடுவது வழக்கம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தொடக்க ஊசிகளின் பயனைக் குறைக்கலாம் என்பதாலேயே ஓர் ஊசியோடு நிறுத்துவதில்லை.

தெருவில் காணும் குட்டியைத் தூக்குவதிலும் கவனம் தேவை. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டது. நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே 2015-இல் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம், நோயுற்ற வளர்ப்புப் பிராணிக்குச் சிகிச்சை அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. வளர்ப்பது என முடிவெடுத்தால் உணவோடு மருத்துவச் செலவையும் ஏற்கத்தான் வேண்டும்.

மருத்துவர் கொடுத்த மருந்தை அண்ணனே வேளை தவறாமல் போட்டான். குட்டி கண்ணைத் தேய்க்காதிருக்கக் கழுத்தில் கூம்பு வடிவப் பட்டை மாட்டப்பட்டது. டிஸ்டெம்பர் அறிகுறி தோன்றுகிறதா என்று தங்கை நாள்தோறும் கவனித்தாள். மற்ற நாய்களை அருகில் விடவில்லை. மூன்றாம் நாளே பீளை நின்றுவிட்டது. ஆயினும், மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை அவர்கள் நிறுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து மருத்துவர் மீண்டும் நீல ஒளியைக் காட்டினார். இம்முறை பச்சை நிறம் எங்கும் ஒளிரவில்லை. குட்டி இரு கண்களையும் அகலத் திறந்து அண்ணனைப் பார்த்தது. அன்று மாலை, மீந்திருந்த அந்தச் சொட்டு மருந்தை மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தியவனும் அவனே.