துள்ளி வரும் விளக்கு

திரைப்படம் தொடங்குமுன் படநிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒன்றில் சிங்கம் கர்ஜிக்கும். மற்றொன்றில் மலைச் சிகரத்தைச் சுற்றி விண்மீன்கள் வந்து நிற்கும். இருக்கை தேடி அமரும் பரபரப்பில் அவற்றை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. ஆனால் அமெரிக்காவிலுள்ள பிக்ஸார் நிறுவனத்தின் சின்னத்தைப் பார்த்தபோது எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லாத ஒரு மேசை விளக்கு நமக்குக் குழந்தையாகத் தோன்றுவது எவ்வாறு? அதற்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை.

அச்சின்னத்தில் நடப்பது இதுதான். நிறுவனத்தின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்துகளில் நிற்கிறது. வலப்புறத்திலிருந்து ஒரு சிறு விளக்கு துள்ளித் துள்ளி வருகிறது. இரண்டாம் எழுத்தாகிய 'ஐ'யின் மேல் ஏறிக் குதித்து, அதை மிதித்து நசுக்கிவிடுகிறது. பின்னர் அந்த இடத்தில் தானே நின்றுகொண்டு, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பி நம்மை நோக்குகிறது. குறும்பு செய்துவிட்டு, "யாராவது பார்த்துவிட்டார்களோ?" என்று விழிக்கும் குழந்தையேதான்! 1995ஆம் ஆண்டு 'டாய் ஸ்டோரி' வெளிவந்த காலந்தொட்டு இச்சின்னம் அந்நிறுவனத்தின் படங்களோடு வருகிறது.

ஆனால் விளக்கு அதற்கும் மூத்தது. ஜான் லாசெட்டர் என்னும் ஓவியக் கலைஞரின் மேசைமேல் ஒரு லக்ஸோ விளக்கு இருந்தது. நார்வே நாட்டு யாக்கோப்சன் 1937இல் வடிவமைத்த விளக்கு அது. ஸ்பிரிங்குகள் தாங்குவதால் அதன் கையை எப்படி வளைத்து விட்டாலும் அப்படியே நிற்கும். அதைக் கணிப்பொறியில் வரைந்த லாசெட்டர், நண்பரின் கைக்குழந்தையைக் கண்டபோது, "விளக்குக்குக் குழந்தை இருந்தால் எப்படியிருக்கும்?" என்று எண்ணினாராம். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் குறைத்தால் சிறிய விளக்குத்தான் கிடைக்கும், குழந்தை கிடைக்காது. ஆகவே தண்டுகளைக் குட்டையாக்கினார்; பல்பை மட்டும் பெரிய விளக்கில் இருந்த அளவிலேயே விட்டுவிட்டார். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் உடலை நோக்கத் தலை பெரிதல்லவா!

இவ்வாறு பிறந்த 'லக்ஸோ ஜூனியர்' என்னும் ஏறத்தாழ இரண்டு நிமிடப் படம் 1986இல் டல்லஸ் நகரில் நடந்த கணிப்பொறி வரைகலை மாநாட்டில் திரையிடப்பட்டது. முடிந்ததும் ஜிம் பிளின் என்னும் அறிஞர் லாசெட்டரை நோக்கி வந்தார். விளக்குகளின் நிழல்களை எந்தக் கணக்கு முறையில் அமைத்தீர்கள் என்று கேட்பாரோ என லாசெட்டர் அஞ்சினார். அவர் கேட்டதோ, "அந்தப் பெரிய விளக்கு தாயா, தந்தையா?" என்பதுதான். கணக்கில் கரைகண்ட அறிஞரே கணக்கை மறந்து கதையில் கரைந்துவிட்டார்! அப்படம் ஆஸ்கர் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இனி எங்கள் சோதனைக்கு வருவோம். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், 24 தாள்களில், துள்ளும் விளக்கை வரைந்து விரலால் புரட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தாளிலும் சமமான இடைவெளி விட்டு, ஏறவும் இறங்கவும் அளந்து வரைந்திருந்தோம். மூன்று நாள் உழைப்பு! ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, விளக்கை யாரோ நூல் கட்டித் தூக்குறாங்க" என்றாள். எங்கள் முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் சொன்னது முற்றிலும் உண்மை.

பிழை எங்கே என்று ஆராய்ந்தோம். எங்களில் ஒருத்தியை எழுந்து குதிக்கச் சொல்லி உற்றுப் பார்த்தோம். அவள் மேலே போகுமுன் முதலில் கீழேதான் போனாள்! முழங்கால் மடக்கிக் குனியாமல் எவராலும் குதிக்க இயலாது. கையால் வரைந்த கார்ட்டூன் படங்களின் காலத்திலேயே டிஸ்னி நிறுவனக் கலைஞர்கள் இந்த முன்னசைவைத் தம் கலையின் விதிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். அவ்விதிகள் கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை லாசெட்டர் 1987இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இரப்பர்ப் பந்து விழும்போது நசுங்கும். இரும்பு விளக்கு நசுங்காது. எனவே அதன் மூட்டுகள் மடங்கி அந்த வேலையைச் செய்கின்றன.

மீண்டும் வரைந்தோம். குதிக்குமுன் விளக்கு குனிவதற்கு நான்கு தாள்கள் ஒதுக்கினோம். உச்சியில் வேகம் குறையும் என்பது பௌதிகப் பாடம். ஆதலால் அங்கே படங்களை நெருக்கமாகவும், தரைக்கு அருகில் இடைவெளி விட்டும் அமைத்தோம். தரையைத் தொட்டதும் மூட்டுகளை மடக்கினோம். நடுங்கும் விரல்களால் புரட்டிக் காட்டினோம். அதே தங்கை, "ஐ! இப்ப அதுவாவே குதிக்குது, அக்கா!" என்று கைகொட்டினாள். அவள் கைதட்டலே எங்களுக்குக் கிடைத்த ஆஸ்கர் பரிசு!

தோழியரே, குனியும்போது விளக்கு ஏதோ எண்ணுவதாக நமக்குத் தோன்றுகிறது. எண்ணித் துணிகின்ற ஒன்றை நாம் உயிருள்ளதாகவே கொள்கிறோம். முகமில்லா விளக்குக்கு முகம் தருவது அந்தச் சிறு குனிவுதான். பார்ப்பவர் நினைவில் நிற்பது துள்ளல். அதைத் தாங்கி நிற்பதோ அதற்கு முந்தைய குனிவு. அரசுப் பொதுத் தேர்வை எதிர்நோக்கிப் புத்தகத்தின்மேல் குனிந்திருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இது எவ்வளவு ஆறுதலான பாடம்!