ஒளி தீட்டிய ஓவியர்

இலையின் நிறம் யாது என்று வினவினால், பச்சை என்று உடனே விடை கூறுவோம். வானம் நீலம், பனி வெண்மை, வைக்கோல் பொன்னிறம். இவ்விடைகளைக் கூறுவதற்கு நாம் தலைநிமிர்ந்து நோக்கவும் வேண்டுவதில்லை. முன்னரே கேட்டறிந்ததை ஒப்பிக்கின்றோம், அவ்வளவே. அதே இலை வைகறையில் கருநீலமாகத் தோன்றுவதையும், மாலைச் செவ்வொளியில் செம்புபோல் மின்னுவதையும் நம்முள் எத்துணைப் பேர் கண்டிருக்கின்றோம்? கண் பெற்றிருத்தல் வேறு, காணுதல் வேறு. காணுதலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட கலைஞர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே கிளாடு மோனே என்னும் ஓவியர். அவர்தம் வாழ்வையும் கலையையும் ஈண்டுக் காண்போம்.

மோனே 1840ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபொழுது, குடும்பம் நார்மண்டிக் கடற்கரையில் உள்ள லெ ஆவர் என்னும் துறைமுக நகரில் குடியேறியது. தந்தையார் வணிகர், மைந்தனும் வணிகத்தையே மேற்கொள்ள வேண்டும் என விரும்பினார். மைந்தனுக்கோ பள்ளிக்கூடம் சிறைக்கூடமாகவே தோன்றியது. கடலும் பாறையும் வானமும் அவரை வெளியே அழைத்தன. உள்ளே இருக்க நேர்ந்த பொழுதெல்லாம், சுவடிகளின் ஓரத்தில் ஆசிரியர்களின் உருவங்களை நகைப்புத் தோன்ற வரைந்துகொண்டிருந்தார். சில ஆண்டுகளில் ஊர்ப் பெரியோர்களையும் அவ்வாறே வரைந்து, படம் ஒன்று பத்து, இருபது பிராங்கு என விற்கவும் தொடங்கினார்.

அப்படங்கள், சட்டம் அமைத்து விற்பார் ஒருவருடைய கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. யூஜின் பூதேன் என்னும் ஓவியர் அக்கடைக்கு வருபவர். கடலையும் மேகத்தையும் வெட்டவெளியில் நின்று தீட்டும் வழக்கமுடையவர் அவர். அவர் மோனேயின் கைத்திறனைப் பாராட்டியதோடு நில்லாமல், கேலிப்படங்களோடு அமைந்துவிடாது, இயற்கையைத் தீட்டக் கற்குமாறு அறிவுறுத்தினார். இளைஞர் பன்முறை தட்டிக் கழித்தார். இறுதியில் ஒருநாள் உடன் சென்றார். பூதேன் பலகையை நிறுத்தி வண்ணந்தீட்டத் தொடங்கியதைக் கண்டபொழுது, தம் கண்ணை மறைத்திருந்த திரை கிழிந்தாற்போல் இருந்தது என மோனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாம் ஓவியர் ஆனதற்குப் பூதேனே காரணம் என்று முதுமையிலும் நன்றியோடு கூறிவந்தார்.

அக்காலத்து ஓவியர் பலரும் வெளியில் சிறு குறிப்புப் படங்களை மட்டும் வரைந்துகொண்டு, முழு ஓவியத்தையும் தம் கூடத்திலேயே முடிப்பர். வண்ணக் குழம்பைப் பன்றியின் சவ்வுப் பையில் கட்டி வைத்திருந்தமையால், அதனை ஊரெங்கும் எடுத்துச் செல்லுதல் அரிதாயிருந்தது. 1841ஆம் ஆண்டில் சான் கோபு ராண்டு என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கிப் பயன்படுத்தும் வெள்ளீயக் குழாயைக் கண்டுபிடித்தார். இச்சிறு கருவி ஓவியரைக் கூடத்தினின்றும் விடுவித்தது எனலாம். வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் வண்ணங்களைச் சுமந்து சென்று, கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே தீட்டுவது எளிதாயிற்று. இவ்வாய்ப்பை மோனேயைப் போல் முற்றும் பயன்கொண்டவர் சிலரே.

ஒரு பனிக்காலத்தில், கல்லும் பிளக்கும் குளிரில், வழிச்சென்றோர் அவரைக் கண்டனர். கைகளில் உறை; உடம்பில் மூன்று மேலாடைகள்; காலடியில் குளிர்காயும் கனற்பெட்டி; முகமோ பாதி உறைந்திருந்தது. அந்நிலையிலும் அவர் பனியின் அழகைத் தீட்டிக்கொண்டிருந்தார். இத்தகைய முயற்சியின் பயனாக 1868, 1869ஆம் ஆண்டுகளின் இடைப்பட்ட பனிக்காலத்தில் ‘மேக்பை’ என்னும் பறவையின் பெயர் தாங்கிய ஓவியம் தோன்றியது. பனி போர்த்த வேலி. அதன் படல்மேல் தனித்து அமர்ந்த கரும்பறவை. பனித்தரையில் வேலியின் நிழல். அந்நிழலை அவர் கருமையாகத் தீட்டவில்லை, நீலமாகத் தீட்டினார். கண்ட நிறம் அதுவே. ஆயினும், அரசு ஆதரவில் நடைபெற்ற ஆண்டுக் கண்காட்சியின் நடுவர்கள் 1869ஆம் ஆண்டில் அவ்வோவியத்தை ஏற்க மறுத்துவிட்டனர். இன்று அது பாரிசில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் ஒன்றாய்த் திகழ்கின்றது.

வாயில்கள் அடைபடவே, மோனேயும் ரெனுவார், பிசாரோ, சிசிலி, தெகா முதலிய நண்பர்களும் 1874ஆம் ஆண்டில் தாமே ஒரு கண்காட்சியைப் பாரிசில் நடத்தினர். லெ ஆவர்த் துறைமுகத்தில் மூடுபனியினூடே கதிரவன் எழும் காட்சியை மோனே 1872ஆம் ஆண்டில் தீட்டியிருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘மனப்பதிவு: ஞாயிற்றின் எழுச்சி’ என்பது. லூயி லெருவா என்னும் இதழாளர் அச்சொல்லையே பற்றிக்கொண்டு, இவர்கள் அனைவரும் வெறும் ‘மனப்பதிவு ஓவியர்கள்’ என எள்ளி எழுதினார். இகழ்ச்சியாக எறியப்பட்ட அப்பெயரை அவர்கள் பின்னர்த் தம் அடையாளமாகவே ஏற்றனர். எள்ளியவர் சொல், எள்ளப்பட்டோர்க்கு அணியாயிற்று.

பெயர் வந்தது, பொருள் வரவில்லை. கடனும் வறுமையும் மோனேயைத் தொடர்ந்தன. சேன் ஆற்றங்கரையில் வெத்தோய் என்னும் சிற்றூரில் வாழ்ந்தபொழுது, 1879ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மனைவி கமீல் நோயுற்று இறந்தார். அவர்க்கு அப்பொழுது வயது 32. இரு மக்களும் தாயை இழந்தனர். மனைவியின் முகத்தருகே விடியற்பொழுதில் அமர்ந்திருந்த மோனே, அம்முகத்தில் சாவு படரவிட்ட நீலத்தையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தையும் தம் கண்கள் தாமாகவே வரிசைப்படுத்திக் கொண்டிருப்பதை உணர்ந்து திடுக்குற்றார். துயரம் நெஞ்சை அறுக்கவும், கண் தன் தொழிலை விடவில்லை. பழகிய வழியிலேயே சுற்றும் செக்குமாட்டோடு தம்மை ஒப்பிட்டு, நண்பர் கிளமான்சோவிடம் பின்னாளில் இதனைக் கூறி வருந்தினார். கலை மனிதனுக்கு இன்பத்தை மட்டும் தருவதன்று. சில வேளைகளில் அது அவனை ஆட்கொண்டு அடிமையாகவும் ஆக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அவ்வாண்டுப் பனிக்காலம் மிகக் கொடியது. சேன் ஆறு கரையோடு கரை உறைந்தது. 1880ஆம் ஆண்டு சனவரியில் குளிர் தளரவே, உறைந்த நீர் பேரொலியோடு வெடித்து, பாளம் பாளமாக மிதந்து சென்றது. துயரில் ஆழ்ந்திருந்த மோனே எழுந்து ஆற்றங்கரைக்குச் சென்று, அக்காட்சியைப் பல ஓவியங்களாகத் தீட்டினார். உறைந்தது உருகும், நின்றது ஓடும், இதனை அவர் ஆற்றிடமிருந்தே கற்றார் போலும்.

1883ஆம் ஆண்டில் மோனே ஜிவர்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். சிறிது சிறிதாக அவர் ஓவியங்களுக்கு மதிப்பு ஏறியது. வீட்டின் அருகே ஒரு வயல் இருந்தது. அறுவடைக்குப்பின் உழவர் கோதுமைக் கதிர்க்கட்டுகளை இருவர் மூவர் உயரத்திற்குப் போராக அடுக்கி, மேலே கூரைபோல் வேய்ந்து வைப்பது அந்நாட்டு வழக்கம். கதிரடிக்கும் பொறி தம் ஊருக்கு வரும்வரை அப்போர்கள் திங்கள் பல வயலிலேயே நிற்கும். இவற்றைத் தீட்ட இரண்டு ஓவியத்துணிகள் போதும் என மோனே முதலில் எண்ணினார்: வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்திற்கு ஒன்று. தீட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒளி மாறிவிட்டது. தம் வளர்ப்பு மகளை அழைத்து, வேறொரு துணி கொணருமாறு கூறினார். அதில் சில கோடுகள் இடுவதற்குள் ஒளி மீண்டும் மாறியது. இன்னொன்று வந்தது; மற்றுமொன்று வந்தது. ஒவ்வோர் ஒளிக்கும் ஒரு துணியென வைத்துக்கொண்டு, அவ்வொளி மறைந்ததும் அதனை நிறுத்தி, மறுநாள் அதே வேளையில் மீண்டும் தொடர்வார்.

இவ்வாறு 1890, 1891ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 25 ஓவியங்கள் உருவாயின. கோடையின் முடிவில் போர் தழல்போல் ஒளிர்கின்றது. இலையுதிர்காலத்து மூடுபனியில் ஊதா நிழலாய்க் கரைகின்றது. பனிக்காலக் காலையில் வெண்பனி போர்த்து நீலங்கலந்து நிற்கின்றது. பொழுதைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் பகுத்தனர் நம் இலக்கண நூலார். ஆண்டின் கூறு பெரும்பொழுது. நாளின் கூறு சிறுபொழுது. மோனேயின் ஓவியம் ஒவ்வொன்றிலும் இவ்விரு பொழுதும் ஒருங்கே விளங்கக் காணலாம். பொருள் ஒன்றே, பொழுது வேறு, ஆதலின் காட்சியும் வேறு. போரைத் தீட்டுவதன்று அவர் நோக்கம். போருக்கும் தம் கண்ணுக்கும் இடையே பரந்துள்ள ஒளியையும் காற்றையும் தீட்டுவதே நோக்கமாகும். 1891ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த 15 போர் ஓவியங்களும் சில நாட்களிலேயே விற்றுப்போயின. அவ்வரிசையைச் சேர்ந்த ஓவியம் ஒன்று 2019ஆம் ஆண்டில் 11 கோடி டாலருக்கும் மேற்பட்ட விலை பெற்றது. ஒருகால் ஏற்பாரின்றிக் கிடந்த கலை அன்றோ இது!

அவர்தம் விடாமுயற்சிக்கு மற்றுமொரு சான்று கூறுவோம். 1891ஆம் ஆண்டில் எப்து என்னும் சிற்றாற்றின் கரையில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களை அவர் தீட்டிக்கொண்டிருந்தார். ஓவியம் முடியுமுன் அம்மரங்களை ஏலமிட ஊரார் முடிவு செய்தனர். மோனே மரவணிகரிடம் சென்று, தம் பணி முடியும்வரை மரங்களை வெட்டாது விடுமாறு வேண்டி, அதற்கெனப் பொருளும் கொடுத்தார். மரத்தை விலைக்கு வாங்குவோர் உளர். மரம் நிற்கும் சில நாட்களை விலைக்கு வாங்கியவர் அவர்.

1893ஆம் ஆண்டில் தம் தோட்டத்திற்கு அப்பால் நிலம் வாங்கி, அங்குக் குளம் ஒன்றை அமைத்தார். அயல்நாட்டுச் செடிகள் நீரை நஞ்சாக்கிவிடும் என அஞ்சிய ஊரார் முதலில் எதிர்த்தனர். பின்னர் இசைவு கிடைத்தது. குளத்தில் அல்லி பூத்தது. அதன்மேல் சப்பானிய முறையில் வளைந்த பாலம் அமைந்தது. அதன்பின் மோனே காட்சி தேடி அலைவது குறைந்தது. அல்லியும், அதனிடையே நீரில் தலைகீழாய்த் தோன்றும் வானும் மேகமும் மரமும் அவருக்குப் போதுமாயின. அவர் தீட்டிய அல்லி ஓவியங்கள் ஏறத்தாழ 250. நிறைவு தாராதவற்றை அவர் விட்டுவைக்கவில்லை. 1908ஆம் ஆண்டில் பதினைந்துக்குக் குறையாத ஓவியங்களைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார்.

இந்நிலையில், யாருக்கு வரினும் கொடிதாய், அவருக்கு வரின் இருமடங்கு கொடிதாய துன்பம் ஒன்று வந்தது. 1912ஆம் ஆண்டில் அவர்தம் இரு கண்களிலும் புரை படர்ந்திருப்பதை மருத்துவர் கண்டறிந்தனர். நீலம் மங்கியது, சிவப்புச் சேறாகத் தோன்றியது. முந்திய ஆண்டில் இரண்டாம் மனைவி ஆலிசு இறந்திருந்தார். 1914ஆம் ஆண்டில் மூத்த மகன் சானும் இறந்தார். அவ்வாண்டே உலகப் பெரும்போரும் மூண்டது. ஊரார் பலர் ஓடினர். மோனே தம் ஓவியங்களை விட்டு அகலவில்லை. பெரியதோர் கூடம் கட்டி, ஆளுயரத்தினும் மேம்பட்ட துணிகளில் அல்லிக் குளத்தைத் தீட்டினார். நிறம் பிரித்தறிய இயலாதபொழுது, குழாயின்மேல் எழுதிய பெயரைக் கொண்டும், வண்ணங்களை மாறாத வரிசையில் வைத்தும் பணியைத் தொடர்ந்தார்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. மறுநாளே மோனே, அப்பொழுது தலைமையமைச்சராய் இருந்த கிளமான்சோவுக்குக் கடிதம் எழுதி, தம் ஓவியங்களை நாட்டிற்கு அளிக்க முன்வந்தார். 1923ஆம் ஆண்டில் வலக்கண்ணில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. சின்னாள் எல்லாப் பொருளும் மிகு நீலமாகத் தோன்ற, அவர் பெரிதும் கலங்கினார். எனினும் ஏற்ற கண்ணாடியின் துணையால், இறக்குந்தறுவாய் வரை அப்பேரோவியங்களைத் திருத்திக்கொண்டேயிருந்தார். 1926ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மோனே மறைந்தார். பெட்டியின்மேல் போர்த்திய கரிய துணியைக் கண்ட கிளமான்சோ, கருமை இவருக்கு ஒவ்வாது என விலக்கி, பூப்பொறித்த துணியால் போர்த்தினார் என்று கூறுவர்.

அவர் அளித்த ஓவியங்கள் 1927ஆம் ஆண்டில் பாரிசு நகரின் ஒராஞ்செரி என்னும் கட்டடத்தில் நிறுவப்பெற்றன. பனிக்காலத்தில் ஆரஞ்சு மரங்களைக் காப்பதற்கென முன்னாளில் எழுப்பிய கட்டடம் அது. முட்டை வடிவான இரு கூடங்களில், 2 மீட்டர் உயரமும் மொத்தம் 90 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையனவாய் அவை பரந்துள்ளன. கூரை வழியே இறங்கும் பகலொளியில் அவை காணப்படவேண்டும் என்பது மோனேயின் விருப்பம். இடையில் 1960ஆம் ஆண்டுகளில் மேல்தளம் கட்டப்பட்டு அவ்வொளி அடைபட்டது. அது நீக்கப்பெற்று, 2006ஆம் ஆண்டு முதல் பகலொளி மீண்டும் உள்ளே வருகின்றது. மேகம் கவிந்தால் ஓவியம் மங்கும். வெயில் எறித்தால் மலரும்.

மாணவர்களே! மோனே கண்டவை அரும்பொருள்கள் அல்ல. வேலி, வைத்த போர், ஆற்றங்கரை மரம், குளத்து அல்லி ஆகிய இவையே அவர் பொருள்கள். அவர் அவற்றை மீண்டும் மீண்டும் நோக்கினார். நோக்குந்தோறும் அவை புதியனவாயின. நுமக்கும் கண்கள் உண்டு. நும் பள்ளி வாயிலில் நிற்கும் மரத்தை நாளைக் காலையிலும் மாலையிலும் நின்று நோக்குங்கள். அதன் நிறம் யாது என்பதை, கண்டபின் கூறுங்கள்.