பெருநாள் தட்டும் ஒத்துவராத பிள்ளையும்



தீபாவளி வந்தால் லயத்தில் ஒரு வீட்டுப் பலகாரம் பத்து வீட்டுக்குப் போகும். எனது சொந்த ஊர் கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை. அங்கே நோன்புப் பெருநாளைக்கும் இதே வழக்கம்தான். மஸ்கட், தொதல், வட்டிலப்பம் என்று தட்டுகள் வீட்டுக்கு வீடு போய்வரும். நல்ல வழக்கம். ஆனால் தட்டில் வரும் பலகாரத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

என் தங்கச்சியின் மகனுக்குக் கஜு ஒத்துவராது. ஆறு வயதில் ஒரு பெருநாளன்று பக்கத்து வீட்டு மாமி வட்டிலப்பம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பு தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. "கஜுவ எடுத்துப் போட்டுத்தானே மகன் குடுத்த நான்" என்று மாமி அழுதார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டதும் பிள்ளை தப்பினான். மேலே கிடந்த கஜுவை எடுத்தாலும் அதன் சாரம் பலகாரத்தில் இருக்கும் என்பது மாமிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. பால் ஒத்துவராத பிள்ளைக்குப் பால் டொபி, சொக்கலட், டின்பால், நெய் சேர்ந்த மஸ்கட் எதுவும் வேண்டாம். பால் குடித்தால் வயிறு ஊதுவது வேறு. உடம்பு தடிப்பது வேறு. எது என்று வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

2. முட்டை ஒத்துவராவிட்டால் வட்டிலப்பமும் கேக்கும் ஆகாது.

3. கோதுமை ஒத்துவராவிட்டால் ரவையும் ஆகாது; ரவையும் கோதுமைதான். மஸ்கட்டும் கோதுமை மாவில் செய்வதே. அரிசி மாவில் செய்த தொதல் கொடுக்கலாம். அதிலும் வேறு மா கலந்ததா என்று கேளுங்கள்.

4. கச்சான், கஜு, எள்ளு இவற்றில் ஒன்று ஒத்துவராவிட்டால், அது போட்ட பலகாரத்தை வெட்டிய கத்தியும், பொரித்த எண்ணெயும், வைத்த தட்டும் கூட ஆபத்து. சூடாக்கினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

5. கடையில் போத்தலிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் டொபியில் விபரம் இராது. உறையுள்ளதையே வாங்குங்கள். எழுத்து விளங்காவிட்டால் படிக்கும் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். "கச்சான் கலந்திருக்கலாம்" என்று இருந்தாலும் வாங்காதீர்கள். 102, 110, 122, 124 என்ற இலக்கங்கள் செயற்கைச் சாயங்கள். இவை சில பிள்ளைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று உறையில் எழுத வேண்டுமென ஐரோப்பிய நாடுகள் 2010 முதல் கட்டாயமாக்கின.

வீட்டில் செய்வதே மேல். தேங்காய்ப்பூ 2 கோப்பை, சீனி ஒன்றரைக் கோப்பை, தண்ணீர் கால் கோப்பை. சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கிண்டி, ஏலக்காய் தூவி, தட்டில் பரப்பி வெட்டுங்கள். பால், முட்டை, மா, சாயம் ஒன்றும் வேண்டாம். தேங்காய் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது நல்ல டொபி. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சானும் கடின டொபியும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

முகம் வீங்கி, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால் பிரிட்டோன் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கடும் ஒவ்வாமையை அது நிறுத்தாது. அட்ரினலின் ஊசிதான் வேண்டும். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சுக் கஷ்டமென்றால் சாய்த்து உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள்.

பிள்ளைக்கு எது ஒத்துவராது என்பதை அயல் வீட்டாருக்கும், பிள்ளைக்காம்பராவிலும், பாடசாலையிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. எவரும் கோபிக்க மாட்டார்கள். அடுத்த பெருநாளைக்கு அதே மாமி, கழுவிய சட்டியில் முதலாவதாகக் கஜு இல்லாத வட்டிலப்பம் அவித்து, தனிக் கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்தார். "இது மகனுக்கு மட்டும்" என்றார். பிள்ளையும் மற்றவர்களோடு உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டான்.

கேட்டுக் கொடுப்போம், சொல்லிக் கொடுப்போம், பிள்ளைகளைக் காப்போம்.