மென்பொருள் பரிசோதனை: முதல் பாடம் பில் மேசையில்

எமது கடையில் புதிய பில் மென்பொருள் போட்டோம். 5000 ரூபாவுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 5 வீதக் கழிவு என்று எழுதித் தொங்கவிட்டிருந்தோம். சரியாக 5000 ரூபாவுக்கு வாங்கியவருக்குக் கழிவு விழவில்லை. ஒரு மாதம் கழித்தே கண்டேன். கொடுத்த வாக்குத் தவறியது மனதை உறுத்தியது.

அன்றிலிருந்து பரிசோதனை படிக்கிறேன். பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே 4999, 5000, 5001 மூன்றையும் அடித்துப் பாருங்கள். வரவேண்டிய விடையை முதலில் கொப்பியில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அடித்ததையும் வந்ததையும் குறித்து, மென்பொருள் செய்தவரிடம் கொடுங்கள்.

மேலும் படிக்க, ஐ.எஸ்.ரி.கியூ.பி. அமைப்பின் ஆரம்பப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.