தன்னை மறந்த இசையே திருத்தொண்டு

பூசையின் நிறைவிலே பஞ்சபுராணம் ஓதும் நேரம் வருகின்றது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்தையும் இறைவன் திருமுன் பாடுவது ஈழத்துச் சைவாலயங்களின் நெடுநாள் வழக்கம். மண்டபத்திலே பாடத் தெரிந்தவர்கள் பலர் நிற்கின்றார்கள். அறநெறிப் பாடசாலையிலே பண்ணிசை பயின்ற பிள்ளைகளும் நிற்கின்றார்கள். ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், "நீ பாடு", "நீயே பாடு" என்று மெல்லச் சொல்வதுமாகச் சில கணங்கள் கழிகின்றன. முடிவில் வழமையாகப் பாடும் முதியவர் ஒருவரே முன்வருகின்றார். இந்தக் காட்சி வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பெரியகல்லாறு முதலிய கிராமங்கள் யாவற்றுக்கும் பொதுவானது.

அங்கே குறைந்திருப்பது குரல் அன்று, பக்தியும் அன்று. "பிழைத்துவிட்டால் என்ன நினைப்பார்கள்?" என்ற ஓர் எண்ணமே வாயை அடைக்கின்றது. இந்த எண்ணம் பாடுபவரை மட்டுமன்றி மிருதங்கம், நாதஸ்வரம், தவில், ஆர்மோனியம், உடுக்கை எதனை வாசிப்பவரையும் பற்றுவது. இதற்கு மருந்து யாது என்பதைச் சைவ அடியார் வரலாறுகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனாயர் ஊதிய குழல்

அறுபத்து மூன்று நாயன்மாருள் இசைக் கருவி ஒன்றினாலேயே முத்தி பெற்றவர் ஆனாய நாயனார். மேல்மழநாட்டுத் திருமங்கலத்திலே ஆயர் குலத்தில் தோன்றியவர். பசு மேய்ப்பது அவர் தொழில். கார்த்திகை மாத அத்த நட்சத்திரத்திலே அவரது குருபூசை கொண்டாடப்படுகின்றது. கி.பி. 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் அவரது வரலாற்றை விரித்துக் கூறுகின்றது.

மழைக்காலத்து ஒரு நாள் ஆனாயர் ஆநிரைகளோடு காட்டுக்குச் செல்கின்றார். வழியிலே கொன்றை மரம் ஒன்று பூங்கொத்துக்கள் தாழ்ந்து தொங்க நிற்கின்றது. கொன்றை சிவபெருமான் சூடும் மலர். மாலை அணிந்த இறைவனே எதிரில் நிற்பது போல அவருக்குத் தோன்றுகின்றது. உள்ளம் உருகுகின்றது. கையிலிருந்த குழலை எடுத்து, திருவைந்தெழுத்தை முல்லைப் பண்ணிலே அமைத்து ஊதுகின்றார். பசுக்கள் மேய்ச்சலை மறந்து அவரைச் சூழ்கின்றன. பால் குடித்துக்கொண்டிருந்த கன்றுகள் அப்படியே நிற்கின்றன. பகை கொண்ட விலங்குகளும் பகை மறக்கின்றன. இறுதியில் சிவபெருமான் உமையம்மையோடு எழுந்தருளி, அந்தக் குழலோசையை எப்பொழுதும் கேட்பதற்காக அவரைத் தம்மோடு அழைத்துச் செல்கின்றார்.

இவ்வரலாற்றிலே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சேக்கிழார் குழலின் பெருமையைப் பாடியதோடு நின்றுவிடவில்லை. மூங்கிலைத் தெரிந்து நூல் முறைப்படி அளந்து வெட்டுவதும், துளையிடுவதும், விரல்கள் துளைகளை மூடித் திறப்பதும் ஆகிய முறைகளையும் எடுத்துரைக்கின்றார். ஆகவே ஆனாயர் முறையாகப் பயின்ற கலைஞர். தன்னை மறந்து வாசிப்பது என்றால் பயிற்சி இல்லாமல் வாசிப்பது என்று பொருள் கொள்ளல் ஆகாது.

இரண்டாவது, அன்று அவருக்கு முன்னே சபை இல்லை, பரிசு இல்லை, பாராட்டுவாரும் இல்லை. பசுக்கள் மயங்கியதை அவர் பார்த்துக்கொண்டு ஊதவில்லை. அவரது கண் கொன்றையிலும் மனம் ஐந்தெழுத்திலும் இருந்தன. விரல்கள் பழகிய வேலையைத் தாமே செய்தன. "நான் ஊதுகின்றேன்" என்ற நினைவுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

யாழ்ப்பாணர் முறிக்க எண்ணிய யாழ்

ஆனாயர் தனியே காட்டில் இருந்தார். சபை நடுவே வாசிப்பவர் எப்படி இருப்பது? அதற்கு விடை தருவது திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் வரலாறு. திருஎருக்கத்தம்புலியூரிலே பாணர் குலத்தில் தோன்றிய இவர், துணைவியார் மதங்கசூளாமணியாரோடு தலங்கள் தோறும் சென்று யாழ் வாசித்தவர். பின்னர் சீர்காழியிலே திருஞானசம்பந்தரை அடைந்து, அவர் பாடும் பதிகங்களை யாழிலே இசைத்து உடன் திரிந்தார்.

தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கே சென்றபோது உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதனாலேயே பதிகங்கள் உலகிலே பரவுகின்றன என்று பெருமை பேசினார்கள். அதனைக் கேட்டு யாழ்ப்பாணர் மகிழவில்லை, நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரை வேண்டினார். அப்பொழுது பாடப்பட்டதே முதலாம் திருமுறையின் 136 ஆவது பதிகமாகிய யாழ்மூரி. யாழ்ப்பாணர் அதனை வாசிக்க முயன்றார், நரம்பிலே அடங்கவில்லை. இந்தக் கருவியாலேதான் இப்பேச்சு வந்தது என்று யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தப் பெருமான் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கினார். இறைவன் புகழ் ஒரு கருவிக்குள் முழுவதும் அடங்குமோ என்று தேற்றி, இயன்ற அளவு வாசித்து வருமாறு கூறி யாழைத் திரும்பக் கொடுத்தார்.

இசை பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டிய வரலாறு இது. உறவினர் புகழ்ந்தபோது பேச்சு பாட்டை விட்டு வாசிப்பவர் மேல் சென்றது. வாசிக்க இயலாதபோது கை யாழை முறிக்க எழுந்தது. புகழும் கூச்சமும் வெவ்வேறு போலத் தோன்றினாலும், இரண்டும் மனத்தை இறைவனிடமிருந்தும் இசையிலிருந்தும் பிரித்துத் தன்னிடமே திருப்புகின்றன. "நான் நன்றாக வாசித்தேன்" என்பதிலும் நான் உண்டு. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பதிலும் நான் உண்டு. சம்பந்தர் காட்டிய வழி நடுவானது. கருவியை முறிக்கவும் வேண்டாம். அதனால் பெருமை கொள்ளவும் வேண்டாம். இயன்ற அளவு வாசித்தால் போதும்.

அந்தப் பழந்தமிழ் யாழ் பிற்காலத்திலே வழக்கொழிந்தது. அதனை ஆராய்ந்து மீட்டவர் கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலே 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் என்பது மட்டக்களப்பு மண்ணுக்குப் பெருமை. விஞ்ஞானம் கற்ற துறவியாகிய அவர் இயற்றிய யாழ் நூல், 1947 யூன் மாதத்தில் சம்பந்தர் பாடல் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். ஆண்டுக்கணக்காக உழைத்த பயனை இறைவன் சந்நிதியிலே வைத்துவிட்டுச் சென்ற பெருந்தகை அவர்.

மனம் தன்னைப் பார்த்தால் கை தடுமாறும்

அடியார் வரலாறுகள் கூறும் இவ்வுண்மையை இக்கால உளவியலும் ஆராய்ந்துள்ளது. 1984 இல் அமெரிக்க உளவியலாளர் ரோய் பாமைஸ்டர் வெளியிட்ட ஆய்விலே, பந்து ஒன்றை உருட்டும் சிறு கைவிளையாட்டு பயன்படுத்தப்பட்டது. விளையாடும்போது தம் கைகளையே கவனித்தவர்கள் பந்தைக் கவனித்தவர்களிலும் குறைவாகவே செய்தார்கள். பழகிய கை தானே செய்யும் வேலையை மனம் இடையிலே புகுந்து ஒவ்வோர் அசைவாகச் சரிபார்க்கத் தொடங்கினால் ஓட்டம் அறுந்துபோகின்றது. படியிறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கின்றோம் என்று எண்ணிப் பார்ப்பவர் தடுமாறுவதும் இதனாலேயே.

அச்சம் வந்தால் உடலும் ஒத்துழையாது. மூச்சு மேலோட்டமாகின்றது, தோளும் தாடையும் இறுகுகின்றன, தொண்டை வறள்கின்றது. மூச்சை நம்பியிருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் பாடகருக்கும் இது பெரும் இடர். மிருதங்கக்காரரின் மணிக்கட்டு இறுகினால் சொற்கட்டு தெளிவாக விழாது. தாளமும் முந்தி ஓடும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் தேசத்திலே பிறந்து உலகப் புகழ் பெற்ற செல்லோ வாத்திய மேதை பாப்லோ கசல்ஸ் (1876–1973), மேடை அச்சம் வாழ்நாள் முழுவதும் தம்மை விடவில்லை என்று கூறியவர். அச்சம் இருந்தும் முதுமை வரை அவர் வாசித்தார். ஆகவே அச்சம் வருவது குற்றமன்று; அச்சம் வந்தமையால் பாடாமல் விடுவதே இழப்பு.

கிராமத்திலேயே உள்ள பாடம்

இதற்குரிய பயிற்சி மட்டக்களப்புப் பண்பாட்டிலே ஏற்கெனவே இருக்கின்றது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எவரையும் எடுத்த எடுப்பில் களரியில் ஏற்றுவதில்லை. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் பல மாதங்கள் செல்கின்றன. ஊரவர் முன்னே ஆடி ஆடிக் கூச்சம் கழிந்த பின்னரே அரங்கேற்றம் நடைபெறும். விடிய விடிய மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரின் கண் தமது கையிலே இருப்பதில்லை. ஆடுபவரின் காலிலே இருக்கும். அவரது செவி சல்லாரியிலும் பிற்பாட்டிலும் இருக்கும்.

வைகாசியிலே கண்ணகி அம்மன் சடங்கின்போது காவியம் படிப்பவர்களும், குளிர்த்தி பாடுபவர்களும் அப்படியே. தம் குரல் இனிமையானதா என்று அவர்கள் எண்ணுவதில்லை. அம்மன் மனம் குளிர வேண்டும், ஊர் குளிர வேண்டும் என்பதே நினைவு. உடுக்கை அடிப்பவர் தெய்வம் ஆடுபவரைப் பார்த்தே அடிக்கின்றார். இவர்களது தளர்ந்த தோளையும் தங்குதடையற்ற கையையும் இளைஞர்கள் அருகிலிருந்து கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பயில்வோர் கைக்கொள்ள வேண்டியவை

பயிற்சியின்போது கணக்கு வேண்டும். பாடத்தை முதலில் மெதுவாக, பின் இரண்டாம் மூன்றாம் காலங்களில் பழக வேண்டும். குருவானவர் காட்டும் பிழையை அங்கேயே திருத்த வேண்டும். பயிற்சியில் ஆராய்ந்தவர் சந்நிதியில் ஆராயத் தேவையில்லை.

தொடங்குவதற்கு முன் சற்றுநேரம் அமைதியாக அமர்ந்து சுருதியைக் கேட்க வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விட்டு, தோளையும் தாடையையும் தளர்த்த வேண்டும். ஐந்தெழுத்தை மனத்திலே சில முறை சொல்ல வேண்டும்.

பாடும்போது மனத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். "பயப்படாதே" என்று மனத்துக்குக் கட்டளையிடுவதால் பயன் இல்லை. சுருதியைக் கேள், உடன் வாசிப்பவரைக் கேள், பாட்டின் பொருளை நினை, சுவாமியைப் பார் என்று சொன்னால் மனம் அங்கே செல்லும். அங்கே சென்ற மனத்துக்குத் தன்னைப் பார்க்க நேரம் இராது.

பிழை நேர்ந்தால் முகம் சுழிக்காமல் அடுத்த ஆவர்த்தனத்தில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன அடியைப் பற்றி வருந்துபவர் வரும் அடியையும் தவறவிடுவார்.

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காமல் வணங்கி எழ வேண்டும். குறைநிறைகளை மறுநாள் குருவிடம் கேட்கலாம். செயலைச் செய்து பயனை இறைவனிடம் விடுக என்று பகவத்கீதை கூறும் நெறி இதுவே.

பெரியோர் கடமை

பிள்ளைகளின் கூச்சத்துக்குப் பெரியவர்களும் பொறுப்பாளிகள். பிழைத்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதும், மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் யாழை முறிக்க ஓங்குவது போன்றன. சம்பந்தர் செய்தது போல அதனைத் திருப்பிக் கையிலே கொடுப்பவரே பெரியவர். பண்ணிசைப் போட்டிகள் நல்லவை. ஆனால் போட்டியோடு பாட்டு முடிந்துவிடக் கூடாது. மேடையிலே பரிசு பெற்ற பிள்ளையும், பரிசு பெறாத பிள்ளையும் வெள்ளிக்கிழமைப் பூசையிலே ஒன்றாக நின்று பாட வேண்டும். வண்ணக்கர்மாரும் ஆசிரியர்களும் கிழமைக்கு ஒருவராகப் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுத்தால், இரண்டொரு ஆண்டுகளில் பஞ்சபுராணம் ஓத ஆள் தேட வேண்டிய நிலை இராது. வழமையாகப் பாடும் அந்த முதியவரின் குரல் ஓயும்போது, அவ்விடத்தை நிரப்ப இளங்குரல்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆனாயரின் குழலைக் கேட்டவை பசுக்களும் கன்றுகளும். அதனைக் கேட்க வந்தவனோ உலகுக்கெல்லாம் தலைவன். சந்நிதியிலே நின்று பாடும் சிறு பிள்ளையின் திக்கும் குரலையும் கேட்பவன் அவனே. அவனைப் பார்த்துப் பாடுவோர்க்கு அச்சம் இல்லை. இசை பயிலும் இளையோர் யாவருக்கும் அந்த அமைதியான உள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.